கையா தரவை முப்பரிமாணத்துல வரைஞ்சா எல்லா ஊசியும் நம்மளையே காட்டுது. தப்பு எங்கே?

மூன்றாம்பிறை (இழை தொடக்கம்)

வணக்கம். விண்மீன்களோட இடத்தையும் தூரத்தையும் அளந்த கையா விண்கலத்தோட மூன்றாம் தரவு வெளியீட்டை (2022 ஜூன்ல வந்தது) வச்சு ரெண்டு வாரமா பால்வீதிக்கு ஒரு முப்பரிமாண வரைபடம் போட்டுப் பாத்துட்டு இருக்கேன். மொத்தமும் இல்ல. 181 கோடி புள்ளியை என் கணினி தாங்காது. பெர்சியஸ் இரட்டை விண்மீன் கொத்து இருக்கிற திசையில ஒரு துண்டு, வேற நாலஞ்சு கொத்து இருக்கிற இடங்கள்ல ஒவ்வொரு துண்டு, அவ்வளவுதான்.

செஞ்சது ரொம்ப எளிமை. ஒவ்வொரு விண்மீனுக்கும் பேரலாக்ஸ், அதாவது இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுத்தும்போது விண்மீன் இடம் மாறுற மாதிரி தெரியிற சின்னக் கோணம்), குடுத்திருக்காங்க. பாடப் புத்தகத்துல இருக்கிற மாதிரி 1-ஐ அதால வகுத்தா பார்செக்ல (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) தூரம். திசை தெரியும், தூரம் தெரியும், புள்ளி வச்சாச்சு.

வச்சு முடிச்சு சுத்திப் பாத்தா ஒரு கொத்துகூட உருண்டையா இல்ல. ஒவ்வொண்ணும் ஊசி மாதிரி நீண்டு கிடக்கு. எல்லா ஊசியும் சரியா சூரியனை நோக்கியே நிக்குது. முள்ளம்பன்றி முதுகு மாதிரி இருக்கு, நடுவுல நாம.

இன்னொண்ணு. ஏகப்பட்ட விண்மீனுக்குப் பேரலாக்ஸ் மைனஸ்ல இருக்கு. ஒண்ணு −0.31. மைனஸ் தூரத்துல எந்த விண்மீன் இருக்கும்? அதையெல்லாம் அழிச்சிட்டேன். தப்பு என் நிரல்லயா, தரவுலயா?

கணக்குப்பிள்ளை

நிரலில் தப்பில்லை, தரவிலும் தப்பில்லை. 1-ஐ வகுத்தீர்களே, அங்கேதான் ஊசி முளைத்தது.

இரட்டைக் கொத்தையே எடுத்துக்கொள்வோம். தொலைவு சுமார் 7,500 ஒளியாண்டு, அதாவது 2,300 பார்செக். அப்படியானால் அதன் உண்மையான பேரலாக்ஸ் 0.43 மில்லி ஆர்க்செகண்ட். ஒரு பாகையை 3,600 கூறாக்கி, அதில் ஒன்றை மறுபடி ஆயிரம் கூறாக்கினால் வருவது ஒரு மில்லி ஆர்க்செகண்ட். அதிலும் பாதிகூட இல்லை இது.

நீங்கள் எடுத்த துண்டில் பெரும்பாலானவை மங்கலான மீன்களாகத்தான் இருக்கும். 18-ஆம் ஒளிப்பருமனில் (இந்த எண் கூடக் கூட மீன் மங்கல்) கையாவின் அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 0.12. ஆகவே ஒரே கொத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மீன்களில் ஒன்று 0.31 என்றும் மற்றொன்று 0.55 என்றும் பதிவாகலாம். வகுத்துப் பாருங்கள். ஒன்று 3,200 பார்செக், மற்றொன்று 1,800. கொத்தின் அடர்ந்த பகுதி சில பத்து ஒளியாண்டு அகலம்தான். உங்கள் திரையில் அது 4,500 ஒளியாண்டு நீள ஊசி.

ஊசி ஏன் நம்மை நோக்குகிறது என்றால், திசையை கையா மிகத் துல்லியமாக அளக்கிறது. தூரத்தில் மட்டும்தான் தடுமாற்றம். பிழை முழுக்கப் பார்வைக்கோட்டின் மேலேயே ஓடுகிறது. பார்ப்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் எல்லாக் கோடுகளும் வந்து கூடும்.

மேலும், ஊசியின் இரு பக்கமும் சமமாக இல்லை, கவனித்தீர்களா? நம் பக்கம் 500 பார்செக் நீண்டால் எதிர்ப்பக்கம் 900 நீள்கிறது. தலைகீழாக்கினால் வரும் வினை. அளவில் சமமாக இருந்த பிழை தூரத்தில் கோணிவிடுகிறது.

மைனஸை அழித்தது பெரிய தப்பு. அதை முதலில் திரும்பக் கொண்டுவாருங்கள்.

குதர்க்கன்

மைனஸ் கோணத்தை வெளியிடுகிறவர்கள் விஞ்ஞானிகள், அதை அழிக்கிற பையன் தப்பு செய்தவன். நல்ல நியாயம் சார்.

கணக்குப்பிள்ளை

நியாயம்தான். எடைத்தட்டு ஒன்று எப்போதும் ஐந்து கிராம் முன்னே பின்னே ஆடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிராம் காகிதத்தை நூறு முறை நிறுக்கிறீர்கள். முள் பல முறை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதற்காகக் காகிதம் மைனஸ் எடை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ‘மைனஸ் வந்ததெல்லாம் அபத்தம்’ என்று கிழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சராசரி எடுத்தால், காகிதம் நான்கு கிராம் என்று சத்தியம் செய்வீர்கள்.

கையா குழுவினரே இதை வைத்துத்தான் தங்கள் கருவியைச் சோதித்தார்கள். குவேசார்கள், அதாவது வெகு தொலைவு மண்டலங்களின் பிரகாசமான மையங்கள், பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கின்றன. அவற்றின் பேரலாக்ஸ் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். லட்சக்கணக்கான குவேசார்களை எடுத்துப் பார்த்தால் நடு மதிப்பு பூஜ்யத்தில் நிற்கவில்லை, −0.017 மில்லி ஆர்க்செகண்டில் நின்றது. முந்தைய 2018 வெளியீட்டில் −0.029. மைனஸ்களை வெட்டியிருந்தால் இந்தச் சரிவு கண்ணில் பட்டிருக்காது.

இரவுக்காவலன்

தம்பி மூன்றாம்பிறை, வெட்கப்பட வேண்டாம். இந்தப் பள்ளத்தில் உங்களுக்கு முன் விழுந்தவர்கள் பெரிய பெரிய ஆட்கள்.

1785-இல் வில்லியம் ஹெர்ஷல் 600-க்கும் மேற்பட்ட திசைகளில் தொலைநோக்கியைத் திருப்பி, ஒவ்வொன்றிலும் எத்தனை மீன் என்று எண்ணினார். அதிகம் தெரிந்த பக்கம் பால்வீதி அதிகத் தூரம் நீள்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு படம் வரைந்தார். சூரியன் ஏறத்தாழ நடுவில் வந்து உட்கார்ந்தது. 1922-இல் காப்டெயின், எவ்வளவோ நல்ல தரவுகளோடு, மறுபடியும் சூரியனை மையத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். இதற்கிடையே ஷாப்லி மட்டும் உருண்டைக் கொத்துகளைப் பார்த்துவிட்டு, அவை தனுசு ராசித் திசையில் குவிந்திருக்கின்றன, மையம் அங்கேதான் என்றார். அவர் திசையைச் சரியாகப் பிடித்தார். தூரத்தைத்தான் ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கூட்டிச் சொல்லிவிட்டார்.

முடிச்சை அவிழ்த்தது 1930-இல் ட்ரம்ப்ளர். அவர் செய்தது உங்கள் வேலையைப் போலவேதான். நூறு விண்மீன் கொத்துகளை எடுத்தார். ஒளியின் மங்கலை வைத்துத் தூரம் கண்டார். அதை வைத்து ஒவ்வொரு கொத்தின் உண்மையான அகலத்தையும் கணக்கிட்டார். தூரம் போகப் போகக் கொத்துகள் பெரிதாகிக்கொண்டே போயின! எங்கோ இருக்கும் கொத்துகள் நம்மிடமிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப வளருமா என்ன? வளராது. நடுவில் ஏதோ ஒளியைத் தின்கிறது, அதனால் தூரத்தைக் கூட்டிக் கணக்கிட்டுவிட்டோம் என்று முடிவுக்கு வந்தார். விண்மீன்களுக்கு இடையே தூசி இருப்பது அப்படித்தான் உறுதிப்பட்டது.

வரைபடத்தில் ஏதேனும் ஒன்று நம்மை மையமாக வைத்து ஒழுங்காக நின்றால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது அந்த ஒழுங்கின் மேல்தான். நாற்பது வருடமாக வானம் பார்ப்பவனின் பழக்கம் இது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம்பிறை

ஐயா, ட்ரம்ப்ளர் கதை தெரியவே தெரியாது. அப்ப என் முள்ளம்பன்றி நல்ல பரம்பரையில வந்ததுதான்.

அறுமீன்

என் பெயருக்கு உரிய கொத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசாததால் நானே வருகிறேன் :)

கார்த்திகைக் கூட்டம், வெறுங்கண்ணுக்கே தெரிகிற ஆறு மீன். இதன் தூரத்துக்காக வானியலாளர்கள் இருபது வருடம் சண்டை போட்டார்கள். கையாவுக்கு முன்னோடி ஹிப்பார்கோஸ். 1989 ஆகஸ்டில் ஏவினார்கள். போக வேண்டிய சுற்றுப்பாதைக்குத் தள்ளும் மோட்டார் எரியவே இல்லை, நீள்வட்டத்தில் மாட்டிக்கொண்டது. அப்படியும் 1,18,000 விண்மீன்களை அளந்து முடித்தது. 1997-இல் அட்டவணை வந்தபோது கார்த்திகை சுமார் 120 பார்செக் என்றது. மற்ற வழிகளில் கணக்கிட்டவர்களுக்கு 133 பக்கம் வந்தது.

பத்துப் பதினைந்து பார்செக்குக்கு ஏன் சண்டை? ஹிப்பார்கோஸ் சொல்வது சரியென்றால், அந்த மீன்கள் இயற்பியல் கணிப்பதைவிட மங்கலாக எரிகின்றன என்று ஆகும். ஒரு விண்மீன் எப்படி எரிகிறது என்று நாம் வைத்திருக்கிற கோட்பாடே ஆட்டம் கண்டுவிடும். 2014-இல் ரேடியோ தொலைநோக்கிகளைக் கண்டங்கள் தாண்டி இணைத்து அளந்தார்கள், 136 வந்தது. பிறகு கையாவும் 136 பக்கமே வந்து நின்றது. கோட்பாடு பிழைத்தது. ஹிப்பார்கோஸ் அந்த ஒரு மூலையில் மட்டும் சறுக்கியிருந்தது.

தூசிப்படலம்

இரவுக்காவலன் ஐயா தூசியை வில்லன் மாதிரி அறிமுகப்படுத்திவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சோறு போடுவது அது, அதனால் கொஞ்சம் பரிந்து பேசுகிறேன்.

வில்லத்தனம் உண்மைதான். பால்வீதியின் மையம் இங்கிருந்து ஏறத்தாழ 26,700 ஒளியாண்டு. அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மிடம் வந்து சேர்கிறது. கையா அந்த ஒளியில்தான் பார்த்தது, ஆகவே மையத்தை அதனால் தொட முடியவில்லை. இதுவரை எண்ணிய 200 கோடியும் மொத்த விண்மீன்களில் ஒன்றிரண்டு சதவீதம்தான். மேலே இருந்து எடுத்தது போல ஒரு சுருள் பால்வீதிப் படம் எல்லா இடத்திலும் வருமே, அது ஓவியர் வரைந்தது. அதில் நமக்கு நேர் எதிர்ப்பக்கம், மையத்துக்குப் பின்னால் இருப்பது, பெரும்பாலும் ஊகம்.

தூசியை ஊடுருவ ரேடியோ அலை வேண்டும். இளம் பெரு விண்மீன்களைச் சுற்றி நீராவியும் மெத்தனாலும் மேசர்களாக ஒளிரும், அதாவது லேசரின் மைக்ரோ அலை அண்ணன். பல ஆயிரம் கிலோமீட்டர் பரவிய தொலைநோக்கிகளை ஒரே கண்ணாக இணைத்தால் அவற்றின் பேரலாக்ஸை அளக்கலாம். 2017-இல் இப்படி ஒரு விண்மீன் பிறப்பிடத்தை 66,000 ஒளியாண்டுக்கும் அப்பால், மையத்துக்கு மறுபக்கம், அளந்து காட்டினார்கள். இதே முறையில் இதுவரை சுமார் இருநூறு இடங்கள் அளந்தாயிற்று. சுருள் கைகளின் வடிவம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த இருநூறிலிருந்து வந்ததுதான். 200 கோடி ஒரு பக்கம், இருநூறு ஒரு பக்கம்!

இப்போது தூசியின் நல்ல குணம். ஒரு மேகம் எவ்வளவு தூரம் என்று நேரே அளக்க முடியாது, அதற்குப் பேரலாக்ஸ் கிடையாது. ஆனால் அந்தத் திசையில் தெரியும் மீன்களைத் தூர வரிசையில் நிறுத்துங்கள். முன்னால் இருப்பவை இயல்பான நிறத்தில் இருக்கும். ஒரு குறிப்பிட்ட தூரம் தாண்டியதும் திடீரென்று எல்லாம் சிவந்துவிடும். அந்த இடம்தான் மேகம். இதைத் திசை திசையாகச் செய்துகொண்டே போனால் தூசிக்கே முப்பரிமாண வரைபடம் வந்துவிடும்.

2020-இல் அப்படிக் கிடைத்ததுதான் ராட்கிளிஃப் அலை. நம் பக்கத்து விண்மீன் பிறப்பு மேகங்களெல்லாம் ஒரு வளையத்தில் இருக்கின்றன என்று சுமார் 150 வருடம் நம்பிக்கொண்டிருந்தோம், குல்டு வளையம் என்று பெயர்கூட வைத்திருந்தோம். தூரம் சரியாகத் தெரிந்ததும் வளையம் காணாமல் போயிற்று. ஓரியன் மேகங்களும் மற்ற பலவும் சேர்ந்து 9,000 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரே கோடாக, பால்வீதித் தட்டுக்கு மேலும் கீழும் 500 ஒளியாண்டு ஏறி இறங்கி, அலை போலக் கிடந்தது. 2024-இல் அது சும்மா அலை வடிவம் மட்டுமில்லை, உண்மையாகவே மேலும் கீழும் அசைகிறது என்றும் தெரிந்தது. தட்டையான வானத்தைப் பார்த்து வளையம் என்று சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களிடம் இல்லாதது அந்த மூன்றாவது எண் மட்டும்தான்.

குதர்க்கன்

எல்லாம் அழகாக இருக்கிறது. ஊசி, அலை, வளையம். ஆனால் இது விண்மீன்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அல்லாமல் வேறு என்ன? இயற்பியலுக்கு இதில் என்ன வரவு? ‘ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் ஒரு தலைமுடியை அளக்கும் கருவி’ என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். அளந்தார்கள், சரி. முடியை வைத்து என்ன செய்தார்கள்?

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி, வழக்கத்துக்கு மாறாக.

ஒன்று மட்டும் சொல்கிறேன், நீங்களே காகிதத்தில் சரிபார்க்கலாம். சூரியன் பால்வீதி மையத்தைச் சுற்றி வருகிறது, ஒரு சுற்றுக்கு 20 கோடி வருடத்துக்கு மேல். வளைவாகப் போகும் எதற்கும் முடுக்கம் உண்டு. அந்த முடுக்கத்தால், மிகத் தொலைவில் இருக்கும் எல்லாப் பொருள்களும் மையத்தின் திசையை நோக்கி மெல்ல நகர்வது போலத் தெரிய வேண்டும். எவ்வளவு? வருடத்துக்கு 5 மைக்ரோ ஆர்க்செகண்ட். நீங்கள் கேலி செய்த தலைமுடியின் கால் பங்கு.

12 லட்சம் குவேசார்களை வைத்து, மூன்று வருடத்துக்கும் குறைவான தரவில், 2020-இல் அதை அளந்தார்கள். முடுக்கம் 2.32 × 10⁻¹⁰ மீட்டர்/நொடி². ஒரு முழு வருடம் கழித்து சூரியனின் திசைவேகம் நொடிக்கு ஏழு மில்லிமீட்டர் மாறியிருக்கும். அவ்வளவுதான்!

இப்போது முற்றிலும் வேறு வழி. சூரியனின் வேகம் நொடிக்கு 240 கிலோமீட்டர் பக்கம். மையத்தின் தூரம், அங்கிருக்கும் கருந்துளையைச் சுற்றும் மீன்களை வைத்து அளந்தது, 8,178 பார்செக். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் வகுங்கள். 2.28 × 10⁻¹⁰ வரும். ஒன்று குவேசார்களின் நகர்விலிருந்து வந்த எண், மற்றது வட்ட இயக்கத்தின் பள்ளிக்கூடச் சூத்திரத்திலிருந்து வந்த எண். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்த அன்று நான் சாப்பிட மறந்துவிட்டேன். மிகையில்லை.

ஐன்ஸ்டீனையும் விட்டுவிடக் கூடாது. சூரியனின் ஈர்ப்பு ஒளியை வளைக்கும் என்பதை 1919-இல் முழுக் கிரகணத்தன்று சூரிய விளிம்பை ஒட்டிப் பார்த்துச் சோதித்தார்கள். கையாவுக்கு, சூரியனிலிருந்து 90 பாகை தள்ளி இருக்கும் மீனின் ஒளிகூட 4 மில்லி ஆர்க்செகண்ட் வளைகிறது. இரட்டைக் கொத்தின் பேரலாக்ஸோ 0.43. அதாவது பொதுச் சார்பியலைக் கழிக்காவிட்டால், அளக்க வந்ததைப் போல் ஒன்பது மடங்கு பிழையோடு வீட்டுக்குப் போவோம். அங்கே சார்பியல் தினசரிக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி.

அறுமீன்

நானும் மூன்று சேர்க்கிறேன், வேகமாக.

ஒன்று, 2018-இல் கண்டுபிடித்தது. பக்கத்தில் இருக்கும் மீன்களில் ஒரு கூட்டம் மட்டும் மற்றவை போல் வட்டமாகச் சுற்றாமல், மையத்தை நோக்கி விழுந்து எழுந்து ஓடுகிறது. ஏறத்தாழ ஆயிரம் கோடி வருடத்துக்கு முன் பால்வீதி விழுங்கிய வேறொரு விண்மீன் மண்டலத்தின் மிச்சம் அது. கையா-என்செலடஸ் என்று பெயர். அந்த மீன்கள் பார்வைக்கு நம் மீன்கள் போலவே இருக்கும். ஓட்டத்தை வைத்துத்தான் பிரித்தார்கள்.

இரண்டு, அதே வருடம். சூரியனுக்கு அக்கம்பக்கத்து மீன்கள் தட்டிலிருந்து எவ்வளவு உயரம், மேலும் கீழும் எவ்வளவு வேகம் என்று இரண்டையும் ஒரு தாளில் போட்டால் நத்தை ஓடு போல ஒரு சுருள் வருகிறது. குளத்தில் கல் விழுந்தால் அலை அடங்க நேரமாகுமே, அதுதான். 30 முதல் 90 கோடி வருடத்துக்கு முன் ஏதோ ஒன்று இந்தத் தட்டை உலுக்கியிருக்கிறது. பால்வீதியைச் சுற்றும் தனுசு குறு விண்மீன் மண்டலம் என்பது பலரின் சந்தேகம்.

மூன்று, வெண்குள்ளன்கள். எரிந்து முடிந்த விண்மீன் ஆறும்போது அதன் உட்கரு உறைந்து படிகமாகும், உறையும்போது வெப்பத்தை வெளிவிடுவதால் ஆறுவது கொஞ்சம் தாமதமாகும் என்று 1968-இலேயே ஒருவர் கணித்துவிட்டார். சரிபார்க்க வழியில்லாமல் இருந்தது. கையா 300 ஒளியாண்டுக்குள் 15,000 வெண்குள்ளன்களின் தூரத்தைக் கொடுத்ததும் நிறத்தையும் ஒளிர்வையும் வரைந்தார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் வரிசை நெரிசலாக நின்றது. தாமதமாகிறவர்கள் கூடுகிற இடம்தானே நெரிசலாகும். 2019-இல் வந்த இந்த முடிவு எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்தது.

கருந்துளையை விட்டுவிட்டேன். 2024-இல் அறிவித்த கையா பிஎச்3, 33 சூரிய நிறை, 2,000 ஒளியாண்டுக்குள். ஒளியே விடாத அதை, துணை மீன் தள்ளாடுவதை வைத்துப் பிடித்தார்கள்.

குதர்க்கன்

வெண்குள்ளன் வரிசை நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளி விடாமல் ஈர்ப்பை மட்டும் காட்டும் கரும்பொருள்? அதை யாரும் தொடாமல் சுற்றிப் போகிறீர்களே. கையா வந்ததும் எல்லாம் தெரிந்துவிடும் என்றார்கள்.

தூசிப்படலம்

சுற்றிப் போகவில்லை, அங்கே நிலம் சேறு.

2023-இல் கையா தரவை வைத்து, மையத்திலிருந்து தூரமாகப் போகப் போக விண்மீன்களின் சுற்றும் வேகம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே குறைகிறது என்று ஆய்வுகள் வந்தன. அது சரியென்றால் பால்வீதியின் மொத்த நிறையே முன்பு நினைத்ததில் சில பங்குதான், கரும்பொருளும் அதற்கேற்பக் குறைவு. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. தட்டு அமைதியாக, நிலையாகச் சுற்றுகிறது என்பது. அறுமீன் இப்போதுதானே சொன்னார், நத்தைச் சுருள்! உலுக்கிய குளத்தில் நீர்மட்டம் அளக்கிற கதை.

இன்னொரு சண்டை இதைவிடச் சூடு. ஒன்றையொன்று வெகு தூரத்தில் சுற்றும் இரட்டை விண்மீன்களை வைத்து நியூட்டனின் ஈர்ப்பு விதி மிகச் சிறிய முடுக்கத்தில் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு சாரார் மாறுகிறது என்கிறார்கள். இன்னொரு சாரார் நியூட்டனே சரி, மாறவே இல்லை என்கிறார்கள். இருவர் கையிலும் இருப்பது அதே கையா அட்டவணை! எந்த இணைகளைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது, கூட ஒளிந்திருக்கும் மூன்றாவது மீனை எப்படிக் கணக்கில் கொள்வது, இதில்தான் வித்தியாசம். என் சொந்தக் கருத்து, இரண்டாம் சாராரின் கழித்தல் இன்னும் கவனமாக இருக்கிறது. பந்தயம் கட்டும் அளவுக்கு இல்லை.

வடமீன்

இடையில் ஒரு சின்னக் கேள்வி. ஒளி வந்து சேர ஆயிரக்கணக்கான வருடம் ஆகிறதே. இந்த வரைபடத்தில் ஒவ்வொரு மீனும் வேறு வேறு காலத்தில் நிற்கிறது. அப்படியானால் இது எந்த நேரத்துப் படம்?

கணக்குப்பிள்ளை

அட்டவணைப்படி 2016.0-இல் ‘இங்கிருந்து தெரிந்த’ படம். 30,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் மீன் அந்த 30,000 வருடத்தில் நொடிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்திருந்தால் 23 ஒளியாண்டு போயிருக்கும். அந்தத் தூரத்தில் அளவீட்டுப் பிழையே அதைப் போல் பல நூறு மடங்கு. கவலை வேண்டாம்.

மூன்றாம்பிறை

திரும்பி வந்துட்டேன். மைனஸை எல்லாம் சேத்துட்டேன். அதோட, பேரலாக்ஸ் அதோட பிழையைப் போல பத்து மடங்காவது இருக்கிற மீன்களை மட்டும் வச்சு தனியா ஒரு படம் போட்டேன், தரமான தரவு மட்டும் இருக்கட்டும்னு.

ஊசியெல்லாம் குட்டையாயிடுச்சு. சந்தோஷமா சுத்திப் பாத்தா... இப்ப மொத்தப் படமும் ஒரு உருண்டையா இருக்கு. நடுவுல அடர்த்தி, ஓரத்துல தேய்ஞ்சு போகுது. நடுவுல யாரு? மறுபடியும் நாமதான்!! சிரிக்கிறதா அழுறதா தெரியல.

இரவுக்காவலன்

வாருங்கள் ஹெர்ஷல் அவர்களே.

கணக்குப்பிள்ளை

தூரத்து மீனுக்குப் பேரலாக்ஸ் சிறிது, மங்கலாகவும் இருப்பதால் பிழை பெரிது. உங்கள் வடிகட்டி அவற்றைத்தான் முதலில் தள்ளும். மிஞ்சுவது பக்கத்து மீன்கள். தரம் என்று நினைத்து நீங்கள் வெட்டியது தூரத்தை.

தனித்தனி மீனின் தூரம் வேண்டுமென்றால், விண்மீன்கள் எங்கே எவ்வளவு இருக்கக்கூடும் என்ற முன்னறிவையும் சேர்த்துக் கணித்த தூரப் பட்டியல் 2021-இல் வெளியானது, 147 கோடி மீன்களுக்கு. அதை எடுத்துக்கொள்ளுங்கள். கொத்து மட்டும் போதுமென்றால் வகுக்காதீர்கள். தன் இயக்கம் (வானில் நகரும் திசையும் வேகமும்) ஒன்றாக இருக்கும் மீன்களைப் பொறுக்கி, அவற்றின் பேரலாக்ஸை அப்படியே சராசரி எடுங்கள், பிழை குறைந்தவற்றுக்கு அதிக மதிப்புக் கொடுத்து. கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும் வகுங்கள்.

மூன்றாம்பிறை

செஞ்சேன் அண்ணா. இரட்டைக் கொத்துக்குச் சராசரி 0.41 வந்துச்சு. வகுத்தா 2,439 பார்செக், 7,950 ஒளியாண்டு. நீங்க சொன்ன 7,500-க்கு 450 அதிகம். அப்புறம் குவேசார் −0.017 ஞாபகம் வந்துச்சு. அந்தச் சரிவைத் திருத்தி 0.427-ன்னு போட்டா 7,630. அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கிற துளி எண்ணுக்கு 300 ஒளியாண்டு விலை!

கணக்குப்பிள்ளை

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்தச் சரிவு எல்லா மீனுக்கும் ஒன்று போல இல்லை, ஒளிப்பருமனுக்கும் நிறத்துக்கும் ஏற்ப மாறும். அதற்குத் திருத்தச் சூத்திரமும் வெளியிட்டிருக்கிறார்கள். இதே துளிக்காகத்தான் செஃபீட் எனும் துடிக்கும் மீன்களை வைத்துப் பேரண்டம் விரியும் வேகத்தை அளப்பவர்களும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்த வேகம் 73-ஆ, 67-ஆ என்ற சண்டையில் தூரம் அளக்கும் ஏணியின் முதல் படி இந்தப் பேரலாக்ஸ்தான்.

மூன்றாம்பிறை

கடைசியா ஒண்ணு, அப்புறம் தூங்கப் போறேன். ஆசைக்குத் திருவாதிரை எவ்வளவு தூரம்னு அட்டவணையில தேடினேன். மூணு தடவை தேடியாச்சு, இல்ல. 181 கோடியில அது மட்டும் எங்க போச்சு?

அறுமீன்

எங்கேயும் போகவில்லை தம்பி, கண் கூசிவிட்டது. கையா மங்கலான மீன்களுக்காகக் கட்டியது. 3-ஆம் ஒளிப்பருமனைவிடப் பிரகாசமாக இருந்தால் பெரும்பாலும் உணரியே நிரம்பி வழிந்துவிடும். திருவாதிரை மட்டுமில்லை, சிரியஸும் இல்லை. திருவாதிரைக்கு இன்னும் ஹிப்பார்கோஸையும் ரேடியோ அளவீடுகளையும்தான் நம்பியிருக்கிறோம். 500-இலிருந்து 700 ஒளியாண்டு வரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

குதர்க்கன்

ஆக, தலைக்கு மேலே சிவப்பாக எரிகிற மீனின் தூரம் தெரியாது, கண்ணுக்கே தெரியாத 147 கோடி மீனுக்குப் பேரலாக்ஸ் கைவசம். இதற்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தூசிப்படலம்

விண்கலம் 2025 ஜனவரி 15-ஆம் தேதியோடு அளப்பதை நிறுத்திவிட்டது, மார்ச்சில் அணைத்தும் விட்டார்கள். ஆனால் இதுவரை வெளிவந்தது 34 மாதத் தரவு மட்டும்தான். நான்காம் வெளியீடு 2026 டிசம்பர் என்று அறிவித்திருக்கிறார்கள், அதில் ஐந்தரை வருடத் தரவு இருக்கும். மூன்றாம்பிறை, உங்கள் நிரலை அழித்துவிடாதீர்கள். அதே இரட்டைக் கொத்தை மறுபடி ஓட்டி ஊசியின் நீளத்தை இங்கேயே போடுங்கள்.

மூன்றாம்பிறை

போடுறேன். மைனஸோட.